‘எர்ரர்’ என்று வந்தால் எல்லாம் போயிற்றா?

(நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ரயில்வே பார்சல் ஆபீஸ் எழுத்தரும் சங்கச் செயற்குழு உறுப்பினருமான தோழர் ஆற்றிய உரை. வர முடியாத குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் முழுவதுமாக வெளியிடுகிறோம்.)



ரேஷன் கார்டு, பள்ளிக்கூட அட்மிஷன், குடிசைக்குப் பட்டா என்று பேசுகிற இந்த மேடையில், இன்று ஒரு புது லாப்டாப்பைப் பற்றியும், அதில் லினக்ஸ் போடும்போது திரையில் வந்து விழுகிற எழுத்துக்களைப் பற்றியும் பேசப் போகிறேன். ‘நீ பத்தாவது தேறியவன், பார்சலுக்கு ரசீது போடுகிறவன், உனக்கு ஏன் இந்த வேலை?’ என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இது படித்தவர்களின் சமாச்சாரம் என்று நானும் ஒதுங்கித்தான் இருந்தேன். ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தாய் கழுத்துச் செயினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து ஒதுங்க முடியவில்லை.

அந்தக் குடும்பம் இந்த மும்பையில் தோல் பட்டறையில் கூலி வாங்கிப் பிழைக்கிற குடும்பம். பெயர் வேண்டாம், நமக்குள்ளே ஒருவர். மகள் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் லினக்ஸில் பயிற்சி செய்ய வேண்டும் என்றார்கள். அப்பா ஓவர்டைம், அம்மா இட்லி வியாபாரம், இரண்டு வருடச் சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய்க்கு ஒரு புது லாப்டாப் வாங்கினார்கள். விண்டோஸ் இல்லாத மெஷின், அதனால் விலை கொஞ்சம் குறைவு. பிள்ளை ஒரு தோழியிடம் பழைய பென் டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கி, அதில் லினக்ஸை ஏற்றி, வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பட்டனை அழுத்தியது.

திரை கறுத்தது. வெள்ளை எழுத்துக்கள் கொட்டின. முதல் வரியிலேயே ‘ஏ.சி.பி.ஐ. பயாஸ் எர்ரர்’ என்று இருந்தது. பிறகு ஏதோ நடந்தது. பாதி வரைக்கும் போய் நின்றுவிட்டது. அங்கேயும் ‘எர்ரர்’, ‘எர்ரர்’ என்று பத்து வரி.

மறுநாள் தகப்பனார் அதைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் முதல் வரியைப் பார்த்தார். ‘மதர்போர்டு கயா, பாய்’ என்றார். 12,500 ரூபாய் ஆகும் என்றார். முடிந்தது. வாங்கி ஐந்து நாள் ஆகாத மெஷினுக்கு மரண சர்ட்டிபிகேட் எழுதிவிட்டார்.

அந்தச் செயினோடுதான் தாய் வந்து நின்றார்கள். ‘மதர்போர்டு போயிட்டுன்னு சொல்லுதாங்க அண்ணாச்சி. இத வச்சா பன்னெண்டு கிடைக்குமா?’ என்று கேட்டார்கள். பிள்ளை பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தது. தான்தான் கெடுத்துவிட்டோம் என்ற அழுகை.

தோழர்களே, நானும் அந்தப் பிள்ளையும், சங்கத்து ராத்திரிப் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிற தம்பி ஒருவரும் அன்று ராத்திரி உட்கார்ந்தோம். புதிதாக ஒன்றும் செய்யவில்லை. அந்த வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தோம், அவ்வளவுதான். மதர்போர்டு போகவில்லை. போனது அந்தப் பழைய பென் டிரைவ். 400 ரூபாய்க்குப் புது பென் டிரைவ் வாங்கினோம். அரை மணி நேரத்தில் லினக்ஸ் ஏறிவிட்டது. கடைக்காரர் விரலை வைத்துக் காட்டினாரே, அந்த ‘பயாஸ் எர்ரர்’ வரி? அது இன்றைக்கும் அந்த லாப்டாப்பில் தினமும் காலையில் இரண்டு நொடி வந்துவிட்டுப் போகிறது. மெஷின் ஓடுகிறது, பிள்ளை படிக்கிறது, செயின் கழுத்தில் இருக்கிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அந்த எழுத்து பொய் சொல்லவில்லை. அதை வாசிக்காமல் பயந்ததுதான் பிழை. ஆகவே வாசிக்கக் கற்றுக்கொள்வோம்.

முதலில் இந்த லினக்ஸ் என்பது என்ன? 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுதத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எவரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு மென்பொருள் எழுதும் இயக்கத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்தன. உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் எழுதிச் சேர்த்தார்கள். கம்பெனிகளும் சம்பளம் கொடுத்து எழுத வைத்தன. நம் நாட்டில் அரசாங்க நிறுவனமான சி-டாக் ‘பாஸ்’ என்ற லினக்ஸை உருவாக்கியது. 2011இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லாப்டாப்பில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. கேரளத்தின் அரசுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் படிக்கிறார்கள். ஆகவே இது ஏழைக்கு என்று ஒதுக்கிய மட்டரகச் சரக்கு அல்ல.

அப்படியானால் புது லாப்டாப்பில் மட்டும் ஏன் இத்தனை எர்ரர்? பழைய மெஷினில் சத்தமில்லாமல் ஏறுகிறதே? காரணம் எளிது. லாப்டாப் செய்கிற கம்பெனிகள் பெரும்பாலும் விண்டோஸில் சோதித்துப் பார்த்துவிட்டுக் கடைக்கு அனுப்புகின்றன. புது வைஃபை சிப், புது கிராபிக்ஸ் சிப் வருகிறது. அதை ஓட்டத் தெரிந்த டிரைவர் லினக்ஸின் கெர்னலுக்குள் வந்து சேரச் சில மாதம் ஆகலாம். நீங்கள் பென் டிரைவில் ஏற்றியிருக்கிற லினக்ஸ் இரண்டு வருடப் பழசு என்றால், நேற்று வந்த சிப்பை அதற்கு எப்படித் தெரியும்? புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரியை வாசல் காவலாளி தடுப்பது போலத்தான். ஆகவே முதல் விதி: புது மெஷினுக்குப் புது லினக்ஸ். டெபியன் போடுகிறவர்கள் 2023இல் வந்த 12ஐ விட 2025 ஆகஸ்டில் வந்த 13ஐ எடுங்கள். உபுண்டு என்றால் ஆகக் கடைசியாக வந்த பதிப்பை எடுங்கள்.

இனி அந்த வரிகளுக்கு வருகிறேன். கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

முதல் வகை, சும்மா வந்து போகிற வரி. ‘ஏ.சி.பி.ஐ. பயாஸ் எர்ரர், குட் நாட் ரிசால்வ் சிம்பல், நாட் ஃபவுண்ட்’ என்று நீளமாக வரும். ஏ.சி.பி.ஐ. என்பது 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா கம்பெனிகள் சேர்ந்து வகுத்த ஏற்பாடு. லாப்டாப் கம்பெனி தன் மெஷினில் என்னென்ன இருக்கிறது, எதை எப்படித் தூங்க வைப்பது, எழுப்புவது என்று ஒரு அட்டவணை எழுதி மெஷினுக்குள் வைத்துவிடும். அந்த அட்டவணையில், இல்லாத ஒரு சாமானின் பெயரையும் அஜாக்கிரதையாக எழுதி வைத்துவிட்டால், லினக்ஸ் தேடிப் பார்த்து ‘இதைக் காணோம்’ என்று பதிவு செய்கிறது. டைம்டேபிளில் இல்லாத ஸ்டேஷன் ஒன்று அச்சாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அதற்காக நிற்குமா? போய்க்கொண்டேதான் இருக்கும். கார்டு மட்டும் ஒரு குறிப்பு எழுதுவார். பெரும்பாலும் அந்தக் குறிப்புதான் இது. மெஷின் தொடர்ந்து ஓடி, கீபோர்டு, பேட்டரி அளவு, மூடித் திறந்தால் விழிப்பது எல்லாம் சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஏதாவது வேலை செய்யாவிட்டால், லாப்டாப் கம்பெனி வெளியிட்ட பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எஸ்.ஜி.எக்ஸ். டிசேபிள்டு பை பயாஸ்’ என்று வருவதும் இந்த வகைதான். அது குறையே அல்ல, தகவல்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ‘பி.சி.ஐ.இ. பஸ் எர்ரர், சிவியாரிட்டி கரெக்டட்’. நூற்றுக்கணக்கில் மழையாகப் பெய்யும். ‘எர்ரர்’ என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படுகிற நாம், பக்கத்திலேயே இருக்கிற ‘கரெக்டட்’ என்ற சொல்லை வாசிப்பதில்லை. திருத்தப்பட்டது என்று அதுவே சொல்கிறது! பெரும்பாலும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற ஏற்பாட்டில் வருகிற இடறல். துவக்க வரியில் ‘பி.சி.ஐ.இ. ஏ.எஸ்.பி.எம். ஆஃப்’ என்று சேர்த்தால் பல மெஷின்களில் நின்றுவிடும். பேட்டரி மட்டும் கொஞ்சம் கூடச் செலவாகும். ‘நோ-ஏ.ஈ.ஆர்.’ என்று சேர்க்கச் சிலர் சொல்வார்கள். அது செய்தியை மறைக்குமே தவிர இடறலை நிறுத்தாது. புகார்ப் பெட்டியைப் பூட்டிவிட்டால் குறை தீர்ந்தது என்று ஆகிவிடாது. இது இந்தச் சங்கத்துக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் வகை, பென் டிரைவின் குற்றம் லாப்டாப்பின் தலையில் விழுவது. அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். ‘ஸ்குவாஷ்-எஃப்.எஸ். எர்ரர், அனேபிள் டு ரீட்’ என்றும், ‘ஐ.ஓ. எர்ரர், டெவ் எஸ்.டி.ஏ.’ என்றும் வந்தது. இங்கே ‘எஸ்.டி.ஏ.’ என்ற மூன்று எழுத்தில்தான் வழக்கின் தீர்ப்பு இருக்கிறது. எந்தச் சாமான் படிக்க முடியவில்லை என்று அது பெயரைச் சொல்கிறது. இன்றைய புது லாப்டாப்பில் உள்ளே இருக்கிற டிஸ்க்கின் பெயர் பெரும்பாலும் ‘என்.வி.எம்.இ.’ என்று தொடங்கும். எஸ்.டி.ஏ. என்றால் யார்? ‘எல்.எஸ்.பி.எல்.கே.’ என்று ஐந்து எழுத்து அடித்தோம். பட்டியல் வந்தது. என்.வி.எம்.இ. பக்கத்தில் 476 ஜி.பி. என்று இருந்தது. அது 512 என்று பெட்டியில் போட்டு விற்கிற உள் டிஸ்க். எஸ்.டி.ஏ. பக்கத்தில் 14 சொச்சம். அது 16 என்று விற்கிற பென் டிரைவ். குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

இதற்கு மருந்து: வேறு நல்ல பென் டிரைவ், வேறு யு.எஸ்.பி. துளை, இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு. லினக்ஸைக் கொடுக்கிற இடத்திலேயே 64 எழுத்துள்ள ஒரு சரிபார்ப்பு எண் கொடுத்திருப்பார்கள். ‘ஷா-256-சம்’ என்ற கட்டளை போட்டு நம் கோப்பின் எண்ணை எடுத்து இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு கெட்டது. மறுபடி இறக்க வேண்டும். பார்சலில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோமே, அதே வேலை.

மூன்றாம் வகை, வாசல் காவல். ‘வெரிஃபிகேஷன் ஃபெயில்ட், செக்யூரிட்டி வயலேஷன்’ என்று வந்து நின்றுவிடும். செக்யூரிட்டி என்ற சொல்லைப் பார்த்துப் போலீஸ் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து லாப்டாப்புகளில் செக்யூர் பூட் என்ற ஏற்பாடு இருக்கிறது. கையெழுத்து இல்லாத எதையும் அது துவக்க விடாது. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் போன்றவற்றுக்கு அந்தக் கையெழுத்து உண்டு. ஆனால் பழைய கோப்பில் இருக்கிற கையெழுத்து செல்லாது என்று ரத்தாகியிருக்கலாம். 2024 ஆகஸ்டில் இப்படித்தான் நடந்தது. விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்த மறுநாள், இரண்டும் வைத்திருந்த பலருடைய மெஷினில் ‘சம்திங் ஹாஸ் கான் சீரியஸ்லி ராங்’ என்று வரி வந்தது. எதுவோ பயங்கரமாகக் கெட்டுவிட்டது என்று பொருள். எத்தனை பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்களோ! கெட்டது ஒன்றுமில்லை, பழைய கையெழுத்து செல்லவில்லை, அவ்வளவுதான். புதுப் பதிப்பை இறக்குங்கள். அதுவும் ஆகாவிட்டால் பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தலாம். ஆனால் விண்டோஸ் இருக்கிற மெஷினில் அதைத் தொடுவதற்கு முன், நான் கடைசியில் சொல்லப் போவதைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

நான்காம் வகை, டிஸ்க்கையே காணோம் என்பது. லினக்ஸ் துவங்கிவிடும், எங்கே போடுவது என்று கேட்கும்போது உள் டிஸ்க் பட்டியலில் இராது. இருப்பது பென் டிரைவ் மட்டும். உடனே ‘டிஸ்க் செத்தது’ என்பார்கள். இல்லை. இன்டெல் மெஷின்கள் பலவற்றில் டிஸ்க்கை ஆர்.எஸ்.டி. என்றும் வி.எம்.டி. என்றும் பெயருள்ள ஏற்பாட்டுக்குப் பின்னால் வைத்து அனுப்புகிறார்கள். ‘இந்தக் கம்ப்யூட்டர் ஆர்.எஸ்.டி. பயன்படுத்துகிறது, அதை நிறுத்து’ என்று உபுண்டு வாய்விட்டே சொல்லும். பயாஸுக்குள் போய் அதை ஏ.ஹெச்.சி.ஐ. என்று மாற்றினால் டிஸ்க் தெரிந்துவிடும். விண்டோஸையும் வைத்துக்கொள்ள வேண்டுமானால், முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் துவங்கும்படி அமைத்துவிட்டு, பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் துவக்கி, அதன் பின் சாதாரண நிலைக்குத் திரும்ப வேண்டும். அப்படியே மாற்றினால் விண்டோஸ் துவங்காமல் போகக் கூடும்.

ஐந்தாம் வகை, கறுப்புத் திரை. தனி கிராபிக்ஸ் சிப் உள்ள மெஷின்களில், லோகோ வரும், பிறகு இருட்டு. மெஷின் உயிரோடுதான் இருக்கிறது. படம் காட்டத்தான் தெரியவில்லை. துவக்கப் பட்டியல் வரும்போது ‘இ’ எழுத்தை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்குகிற வரியின் கடைசியில் ஒரு இடம் விட்டு ‘நோமோட்செட்’ என்று சேருங்கள். எழுத்து கரும்பலகையில் இருக்கிறது. பிறகு எஃப்-10. அந்த வரியில் ‘கொயட்’, ‘ஸ்ப்ளாஷ்’ என்ற இரண்டு சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள்; வாயை மூடிக்கொண்டிருந்த மெஷின் பேசத் தொடங்கும், எங்கே நிற்கிறது என்று தெரியும். ஆனால் நோமோட்செட் ஊன்றுகோல்தான், கால் அல்ல. லினக்ஸ் ஏறியதும் சரியான டிரைவரைப் போட்டுவிட்டு அதை எடுத்துவிட வேண்டும். என்விடியா டிரைவர் போடும்போது செக்யூர் பூட் இருந்தால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த முறை துவங்கும்போது நீலத்திரை வரும். அதைப் பார்த்துப் பயந்து ஆஃப் செய்துவிடாதீர்கள். ‘என்ரோல் எம்.ஓ.கே.’ என்பதைத் தேர்ந்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் டிரைவருக்கு அனுமதிச் சீட்டு கிடைத்துவிடும்.

ஆறாம் வகை, வைஃபை இல்லை. ‘டைரக்ட் ஃபர்ம்வேர் லோடு ஃபெயில்ட் வித் எர்ரர் மைனஸ் 2’ என்று வரும். இந்த மைனஸ் 2 என்னவோ ஜாதகக் கணக்கு அல்ல. ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்பதன் எண் அது. எனக்கு இது பார்சல் ஆபீஸில் தினமும் நடக்கிற காரியம். சரக்கு வந்துவிட்டது, ரசீது வரவில்லை. சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் டெலிவரி கொடுக்க முடியாது. வைஃபை சிப் என்ற சரக்கு இருக்கிறது; அதற்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற ரசீது இல்லை. ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தால் முடிந்தது. டெபியன் 12 முதல் இந்தக் கோப்புகளை நிறுவும் கோப்போடு சேர்த்தே தருகிறார்கள். வைஃபை இல்லாமல் எப்படி இறக்குவது? செல்போனை யு.எஸ்.பி. வயரில் மாட்டி, ‘யு.எஸ்.பி. டெதரிங்’ போடுங்கள். பெரும்பாலும் உடனே நெட் வந்துவிடும். எந்தக் கம்பெனி சிப் என்று தெரியாவிட்டால் ‘எல்.எஸ்.பி.சி.ஐ.’ என்று அடித்துப் பாருங்கள்.

ஏழாம் வகைதான் உண்மையான ஹார்டுவேர் கோளாறு. அதுவும் உண்டு, மறைக்க மாட்டேன். ‘எம்.சி.இ., ஹார்டுவேர் எர்ரர், மெஷின் செக்’ என்று திரும்பத் திரும்ப வந்தால் பிராசஸர், மெமரி, அல்லது சூடு, இவற்றில் ஒன்று. ஐ.ஓ. எர்ரர் வரியில் எஸ்.டி.ஏ.வுக்குப் பதில் உள் டிஸ்க்கின் பெயரே வந்தால் கவனிக்க வேண்டியது. மெம்டெஸ்ட் என்ற சோதனையை ராத்திரி முழுக்க ஓட விட்டால், கெட்ட மெமரி சிவப்பு வரியாகத் தெரியும். உள் டிஸ்க் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: ‘கன்ட்ரோலர் இஸ் டவுன்’ என்று வருவது சில சமயம் மின்சாரச் சிக்கனத்தால் டிஸ்க் ஆழ்ந்து தூங்கிவிடுவதாலும் வரும். ஒரு வரியைப் பார்த்து மரணம் என்று தீர்ப்பு எழுத வேண்டாம்.

பல லாப்டாப்புகளில் கம்பெனியே ஒரு சோதனையை உள்ளே வைத்திருக்கிறது. துவங்கும்போது எஃப்-2, எஃப்-12 போன்ற ஒரு விசையில் வரும். அதை ஓட்டுங்கள். கோளாறு இருந்தால் ஒரு குறியீடு கொடுக்கும்; எழுதிக்கொள்ளுங்கள். ‘நீ லினக்ஸ் போட்டாய், அதனால்தான்’ என்று யாராவது கை கழுவினால், ‘உங்கள் சோதனையே கொடுத்த எண் இது’ என்று மேஜையில் வையுங்கள். புது மெஷின் என்றால் வாரண்டி இருக்கிறது. தெருக்கடையில் திறக்க விடாதீர்கள், காசு கொடுக்காதீர்கள். கம்பெனி சர்வீஸுக்கே போங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். அங்கேயும் அலைக்கழித்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்காகவும் எழுதப்பட்டதுதான்.

தோழர்களே, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். இது என் தவறு. அடுத்தவரைக் குறை சொல்ல மேடை ஏறுகிறவன் தன் குறையையும் அங்கேயே சொல்ல வேண்டும்.

அந்தப் பிள்ளையின் மெஷின் சரியானதும் எனக்குத் தலைகனம் வந்துவிட்டது. நம்முடைய தோழர் ஒருவர் தன் லாப்டாப்பைக் கொண்டுவந்தார். விண்டோஸ் இருந்தது, அதோடு லினக்ஸும் வேண்டும் என்றார். நான் நேரே பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை நிறுத்தினேன், டிஸ்க் ஏற்பாட்டையும் மாற்றினேன். பிறகு விண்டோஸைத் துவக்கினால் நீலத்திரை. ‘பிட்லாக்கர் ரெகவரி கீ’ கேட்டது. 48 இலக்க எண். டிஸ்க் முழுக்கப் பூட்டுப் போட்டிருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்றைய புது விண்டோஸ் மெஷின்கள் பலவற்றில் அக்கவுண்ட் போட்டதுமே அந்தப் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. சாவி அந்த அக்கவுண்டில் இருக்கும். ஆனால் அக்கவுண்டைத் தொடங்கிக் கொடுத்தது விற்ற கடையில் வேலை பார்த்த பையன், அவன் மின்னஞ்சலில். அந்தப் பையன் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டான். நான் மாற்றியதையெல்லாம் பழையபடி திருப்பி வைத்தும் பார்த்தேன். திறக்கவில்லை.

உள்ளே அவருடைய தகப்பனாரின் கடைசிக் காலத்துப் படங்கள் இருந்தன. ஊரில் எடுத்தவை. இரண்டு வருட லீவு சேர்த்துப் போய் எடுத்த படங்கள். வேறு பிரதி இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘பரவால்ல அண்ணாச்சி, நீங்க வேணும்னா செஞ்சீங்க?’ என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆகவே தோழர்களே, அந்தக் கடைக்காரர் வரியை வாசிக்காமல் தீர்ப்புச் சொன்னார். நானும் வாசிக்காமல்தான் கை வைத்தேன். அவருக்கும் எனக்கும் அன்று என்ன வித்தியாசம்? நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது, நிதானமும் வேண்டும்.

இதனால்தான் இந்த ஒழுங்குகளைச் செயற்குழுவில் எழுதி வைத்திருக்கிறோம். யாருடைய மெஷினைத் தொட்டாலும்:

ஒன்று, படம், பத்திரம், பிள்ளைகளின் பாடம் எல்லாவற்றுக்கும் வேறிடத்தில் பிரதி எடுத்த பிறகே மற்ற வேலை. இரண்டு, விண்டோஸ் இருந்தால் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்க எண்ணைக் காகிதத்தில் எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுத்து, முடிந்தால் பூட்டையே எடுத்துவிட்டு, அதன் பிறகே பயாஸ். மூன்று, நேரே நிறுவாமல், ‘டிரை’ என்று சும்மா ஓட்டிப் பார்க்கிற வழி இருக்கிறது. வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று அதில் பார்த்த பிறகே நிறுவுதல். நான்கு, எர்ரர் வந்தால் ஆஃப் செய்வதற்கு முன் செல்போனில் படம் எடுத்தல். ஐந்து, ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். என்ன மாற்றினோம் என்று நோட்டில் குறித்தல். நாலு மாற்றம் ஒன்றாகச் செய்தால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று யாருக்கும் தெரியாது.

வரியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி மூன்று. இந்த வரிக்குப் பிறகும் மெஷின் தொடர்ந்து ஓடியதா? எந்தச் சாமானின் பெயர் அதில் இருக்கிறது? அந்தச் சாமானை மாற்றினால், அல்லது வேறு லினக்ஸில் பார்த்தால், அதே வரி வருகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காதவரை எவரும் ‘மதர்போர்டு போயிற்று’ என்று சொல்ல நமக்கு அனுமதியில்லை, கடைக்காரருக்கும் அனுமதியில்லை.

நாம் ஊரைவிட்டு வந்தவர்கள். இங்கே வந்த காலத்தில் ஸ்டேஷன் போர்டைக்கூட வாசிக்க முடியாமல் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனவர்கள் நம் அப்பன்மார். அந்தக் காலத்தில் ஒரு மணியார்டர் பாரம் எழுதிக் கொடுக்கக்கூடக் காசு வாங்கினார்கள். தெரியாத எழுத்து என்றால் நமக்கு முதலில் வருவது பயம். பயம் வந்த இடத்தில் யாராவது பை நிரப்பிக்கொள்வார்கள். ஆனால் இந்த எழுத்துக்களை யாரோ ஒருவர், எங்கோ உட்கார்ந்து, ‘இந்த இடத்தில் இது நடந்தால் பார்க்கிறவருக்குத் தெரியட்டும்’ என்று நினைத்து எழுதி வைத்தார். நம்மைப் பயமுறுத்த எழுதியதல்ல. வாசிக்கத்தான் எழுதியது.

ஞாயிறுதோறும் மாலை நாலு மணி முதல் சங்கத்தில் இந்த வேலை நடக்கும். சரிபார்த்த பென் டிரைவ் இரண்டு இருக்கிறது. நோட்டு இருக்கிறது. செயினைக் கழற்றிய அந்தத் தாயின் மகள்தான் இப்போது அந்த நோட்டை எழுதுகிறது. என்னைவிட நன்றாக வாசிக்கிறது. லாப்டாப்பைக் கொண்டுவருகிறவர்கள் பில்லையும் கொண்டுவாருங்கள். படங்களுக்குப் பிரதி எடுக்க ஒரு டிஸ்க் வாங்க வேண்டும். அதற்கு உண்டியல் வாசலில் இருக்கிறது, முதல் 500 ரூபாய் என்னுடையது. அது தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.